தை ஒன்று, ஆடிப்பட்டம், ஒரு மூட்டை யூரியா: காலநிலை மாற்றத்தில் யார் பங்கு எவ்வளவு?

“காலநிலை எந்தக் காலத்துலங்க மாறாம இருந்துச்சு?” பாலக்கோட்டுத் தக்காளி மண்டியோ, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலோ, வெயிலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வி நியாயமானதுதான். பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன, கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறது, சகாரா பாலைவனத்தில் ஏரிகள் நின்றிருக்கின்றன. அப்போது டிராக்டரும் இல்லை, அனல்மின் நிலையமும் இல்லை. அதனால் “எல்லாம் மனுஷன் செஞ்சது” என்று ஒரே போடாகப் போட்டால் எடுபடாது.

ஆனால் கேட்பவர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார். முன்பு எதனால் மாறியது என்று தெரிந்தால், இப்போது மாறுவதும் அதனால்தானா என்று சோதித்துவிடலாம். ஒவ்வொரு காரணத்திடமும் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: பலம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, என்ன தடயம் விட்டுவிட்டுப் போகிறது. பலத்தை அளக்க ஒரு அலகு உண்டு. பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடுதலாக எத்தனை வாட் வெப்பம் சேர்கிறது என்று பார்ப்பார்கள். கீழே பூமிக் கணக்கில் வெறுமனே ‘வாட்’ என்று வந்தால் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று படித்துக்கொள்ளுங்கள்.

தை ஒன்றில் இருக்கும் 24 நாள்

இயற்கைக் காரணங்களில் பெரியது பூமியின் நடைதான். அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரே போதும். பஞ்சாங்கப்படி உத்தராயணம் தை 1, அதாவது ஜனவரி 14 அல்லது 15. சூரியன் தென்கோடியைத் தொட்டு வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22. நடுவில் 24 நாள் இடிக்கிறது. பஞ்சாங்கம் தப்பு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நம் சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்பட்டவை. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வை வைத்து நடப்பவை. அச்சு சாய்ந்திருக்கும் திசை மிக மெதுவாகச் சுற்றி வருகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. இதனால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. 24ஐ 71ஆல் பெருக்கினால் 1,700 சொச்சம். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன.

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது இப்போது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில். நம் கோடையில் சற்றுத் தள்ளி நிற்கிறோம். அச்சின் சுழற்சியோடு, பூமி ஓடும் நீள்வட்டப் பாதையும் தானே மெல்லத் திரும்புவதால், ‘எந்தப் பருவத்தில் சூரியன் பக்கத்தில்’ என்ற கணக்கு ஏறக்குறைய 21,000 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. பாதிச் சுற்றுக்கு முன், அதாவது பத்துப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன், பூமி சூரியனை நெருங்கியது வடபாதியின் கோடையில். ஆசிய நிலம் கூடுதலாகக் காய்ந்தது, நிலத்துக்கும் கடலுக்கும் வெப்ப வேறுபாடு கூடியது, தென்மேற்குப் பருவக்காற்று இன்றைவிட ஓங்கி அடித்தது. சகாராவில் ஏரி நின்றதும் அந்தக் காலகட்டத்தில்தான். அதன்பின் சில ஆயிரம் ஆண்டுகளாகப் பருவமழை மெல்ல இளைத்து வந்தது.

இந்த மெதுவான இறக்கத்தின் நடுவே வெட்டென்று வந்த வறட்சிகளும் உண்டு. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுக் குன்றியதை மேகாலயாவின் மாவ்ம்லூ குகைச் சுண்ணாம்புப் படிவு காட்டுகிறது. நாம் வாழும் புவியியல் கட்டத்துக்கு 2018இல் ‘மேகாலயன்’ என்று பெயர் வந்தது அதனால்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதுவும் கிட்டத்தட்ட அதே காலம். அந்த வறட்சிக்கு மனிதர் காரணமில்லை.

அச்சின் சாய்வு 22.1 முதல் 24.5 டிகிரி வரை 41,000 ஆண்டுச் சுற்றில் ஏறி இறங்குகிறது, இப்போது 23.4, குறைந்துகொண்டிருக்கிறது. பாதை வட்டத்துக்கு நெருங்குவதும் நீள்வதும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுச் சுற்று. இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் செர்பியாவின் மிலுட்டின் மிலன்கோவிச். அவர் வழியில் இன்று கணக்குப் போட்டால் விடை என்ன வருகிறது தெரியுமா? பூமி மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். சூடாக அல்ல.

வேகமும் ஒத்துவரவில்லை. கடைசிப் பனியுகத்திலிருந்து பூமி வெளியே வர ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு ஆனது. ஏறிய வெப்பம் ஐந்து டிகிரிக்குச் சற்று மேல். நூறாண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. இப்போதைய வேகமோ பத்தாண்டுக்கே 0.2 டிகிரிக்கு மேல். ஊர்க் கணக்கில் சொல்வதானால், தாத்தா காலத்துக்கும் பேரன் காலத்துக்கும் இடையே அச்சுச் சுழற்சி ஆடி மாதத்தைப் பருவத்திலிருந்து ஒரே ஒரு நாள்தான் தள்ளியிருக்கும். ஆடிப்பட்டத்து ராகிக்கு விதைப்பு மழை இரண்டு வாரம் தள்ளிப்போகிறது என்றால் அந்தப் பழியை அச்சின் மேல் போட முடியாது.

சூரியன், எரிமலை, எல் நினோ

சூரியனே கூடுதலாகக் காய்கிறதா? வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். 11 ஆண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சியில் இது ஏறக்குறைய ஒரு வாட் ஏறி இறங்குகிறது. பூமி உருண்டை என்பதால் அதை நான்கால் வகுக்க வேண்டும். முப்பது விழுக்காடு திரும்பப் பிரதிபலித்துப் போய்விடும். மிஞ்சுவது 0.2 வாட்டுக்கும் குறைவு, அதுவும் ஏறி இறங்குவது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதை இடைவிடாமல் அளந்து வருகின்றன. அந்த அளவீட்டில் மேல்நோக்கிய போக்கு எதுவும் இல்லை. அதே ஆண்டுகளில்தான் வெப்பம் விறுவிறுவென ஏறியது.

எரிமலை பெரும்பாலும் குளிர்விக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு அடுக்கு வளிமண்டலத்துக்கு ஏறியது; உலக சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் அந்தத் துகள்கள் படிந்து கழிந்தன, வெப்பம் பழைய பாதைக்கு ஏறிவிட்டது. 1815இல் வெடித்த தம்போரா அதைவிடப் பெரியது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. “எரிமலை விடுற கரியமில வாயுவுக்கு முன்னாடி நம்ம வண்டிப் புகை எம்மாத்திரம்?” என்றும் கேட்பார்கள். எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் விடுவது, நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து விடுவதில் ஒரு விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது.

எல் நினோ பற்றி இரண்டு வரி போதும். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பசிபிக் கடலுக்குள் கிடந்ததை மேலே கொண்டுவந்து காற்றில் விடுகிறது. உலக சராசரியை ஓர் ஆண்டுக்கு 0.1, 0.2 டிகிரி தூக்கும், அதன் எதிர்முகமான லா நினா அதே அளவு இறக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையவும் வடகிழக்கு கூடவும் வாய்ப்பு அதிகம். இரண்டு பருவத்திலும் மழை வாங்கும் மாவட்டங்கள் இவை என்பதால், ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பருவம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பாறைக்கும் பங்கு உண்டு

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பாறையும் பர்கூர் பக்கத்துக் குவாரிக் கிரானைட்டும் அலங்காரக் கல் மட்டுமல்ல. பூமியின் வெப்பக் கட்டுப்பாட்டில் இப்படிப்பட்ட பாறைக்கும் வேலை உண்டு. மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்து லேசான அமிலமாகிறது. அது சிலிக்கேட் பாறையை அரிக்கிறது. கரைந்த கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படிகிறது, அதோடு கரியும் படிகிறது. போகிற வழியிலேயே வறண்ட மண்ணில் படிவதும் உண்டு. செம்மண் நிலத்தில் உழும்போது கொழுவில் இடிக்கும் சுக்காங்கல் அப்படி உருவானதுதான். பூமி சூடானால் மழையும் அரிப்பும் கூடும், வாயு குறையும், மறுபடி குளிரும்.

அருமையான ஏற்பாடு. ஆனால் பாறை அரிப்பு ஆண்டுக்கு இழுக்கும் வாயு எரிமலைகள் விடும் அளவுக்கு ஏறத்தாழச் சமம், அவ்வளவுதான். நாம் விடுவதை அது பிடித்து முடிக்க லட்சக்கணக்கான ஆண்டு வேண்டும். குவாரித் தூளை வயலில் கொட்டினால் காலநிலை சரியாகிவிடும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் தூளை வைத்து நடப்பவை. கிரானைட்டில் குவார்ட்ஸ் அதிகம், கால்சியமும் மக்னீசியமும் குறைவு, கரைவதும் மெதுவு. நம் குவாரித் தூளுக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

கரியின் வரவு செலவு

இனி நம் பங்கு. தொழில் யுகத்துக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு, அதாவது 280 பிபிஎம். அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தண்டுகள் கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளைக் காட்டுகின்றன. அவ்வளவு காலத்திலும் அது 180க்கும் 300க்கும் இடையேதான் ஆடியது. 1958இல் ஹவாய் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. 2024இன் உலக சராசரி ஏறக்குறைய 424.

இதன் பலத்தைக் கைபேசிக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். 424ஐ 280ஆல் வகுங்கள்: 1.514. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 0.415. அதை வாட்டாக மாற்ற அறிவியலாளர் பயன்படுத்தும் 5.35ஆல் பெருக்கினால் 2.2 வாட். சூரியச் சுழற்சியின் 0.2 வாட்டுக்கு முன்னால் இது பத்து மடங்குக்கு மேல், அதோடு இறங்காமல் ஏறிக்கொண்டே இருப்பது. மடக்கை ஏன் வருகிறது என்றால், வாயு கூடக்கூட ஒவ்வொரு கூடுதல் பிபிஎம்-மின் விளைவும் கொஞ்சம் குறையும். 280லிருந்து 380 போவதற்கும் 380லிருந்து 480 போவதற்கும் பலம் ஒன்றல்ல. எஞ்சினும் அடுப்பும் நேரடியாக விடும் சூடுதான் பூமியைக் காய்ச்சுகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. உலகம் முழுக்க நாம் செலவழிக்கும் ஆற்றல் அத்தனையும் சூடாக மாறினாலும் 0.04 வாட்தான் தேறும்.

சரி, கூடிய வாயு நம்முடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? முதல் அத்தாட்சி வெறும் கூட்டல் கழித்தல். காற்றில் ஒரு பிபிஎம் ஏற 780 கோடி டன் கரியமில வாயு வேண்டும். எரிபொருளும் சிமென்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன், காடழிப்பும் நில மாற்றமும் சுமார் 400 கோடி டன். மொத்தம் 4,100 கோடி; அத்தனையும் காற்றில் நின்றால் ஆண்டுக்கு 5 பிபிஎம்-முக்கு மேல் ஏற வேண்டும். பத்தாண்டு சராசரியில் ஏறுவது 2.5 சுற்றி. மீதிப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. ஆக இயற்கை மொத்தத்தில் வாங்குகிற பக்கம் இருக்கிறது, கொடுக்கிற பக்கம் இல்லை. “கடல் சூடாகி வாயுவை விடுது, அதான் ஏறுது” என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது அத்தாட்சி ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். செடிகள் கரி-13ஐவிட இலேசான கரி-12ஐ விரும்பி எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய செடிகளிலும் கடல் பாசிகளிலும் இருந்து வந்தவை; அவற்றில் கரி-13 குறைவு. கரி-14 அறவே கிடையாது, ஏனென்றால் அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, கோடிக்கணக்கான ஆண்டு புதைந்ததில் எல்லாம் சிதைந்து போயிருக்கும். காற்றில் கரி-13இன் விகிதம் தொழில் யுகத்திலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. எரிமலை வாயு கலந்திருந்தால் இப்படி இறங்காது. எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதுவும் கணக்குக்கு ஏற்பக் குறைந்து வருகிறது. (கொசுறாக ஒன்று: ராகியும் நெல்லும் கரியை வேறு வேறு முறையில் பிடிப்பவை. அதனால் காலமெல்லாம் ராகிக் களி சாப்பிட்டவர் முடியையும் நெல்லுச்சோறு சாப்பிட்டவர் முடியையும் ஐசோடோப்புக் கருவியில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பென்னாகரத்துப் பாட்டியையும் தஞ்சாவூர்ப் பாட்டியையும் கருவி பிரித்துச் சொல்லிவிடும்.)

“கரி பூமியில இயற்கையா இருக்குறதுதானே?” என்பவருக்கு நம் மாவட்டத்து ஃப்ளோரைடையே காட்டலாம். ஃப்ளோரைடு பாறையில் இயற்கையாகவே இருக்கிறது. கிணற்று நீர் வற்றி, ஆழ்துளைக் குழாயை நூற்றுக்கணக்கான அடி கீழே இறக்கி, பாறையோடு நெடுங்காலம் ஊறிய நீரைக் குடத்துக்குக் கொண்டுவந்தது நாம். பல்லும் எலும்பும் பாதித்து, கடைசியில் இரு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வர வேண்டியதாயிற்று. பொருள் இயற்கையானதுதான்; அதைப் புதைந்த இடத்திலிருந்து இழுத்துவந்த கை யாருடையது என்பதுதான் கேள்வி.

தடயத்தில் உறுதியானது வானத்தில் இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் அடி முதல் மேல் வரை எல்லா அடுக்கும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழ் அடுக்கு சூடாகி, மேலே அடுக்கு வளிமண்டலம் குளிர வேண்டும். சியுகுரோ மனாபே 1967இலேயே கணித மாதிரியில் இதைக் காட்டினார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பலூனும் செயற்கைக்கோளும் அளந்ததில் கீழே சூடு, மேலே குளிர் என்றே வந்திருக்கிறது.

‘பகலைவிட இரவு வேகமாகச் சூடாகிறது’ என்பதும் பசுமைக்குடில் வாயுவின் (கரியமில வாயு, மீத்தேன் போல வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு) அடையாளமாகச் சொல்லப்படும். உலக சராசரிக்கு அது சரி. இந்தியாவில் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 1901 முதலான இந்தியப் பதிவில் பகல் உச்ச வெப்பமே கூடுதலாக ஏறியிருக்கிறது. பாசனம், தூசு, மேகம் எல்லாம் இதில் கலக்கின்றன. அதனால் ஊத்தங்கரையிலோ அரூரிலோ எடுத்த இரவு வெப்பத்தை மட்டும் வைத்து ‘இதோ அத்தாட்சி’ என்று நீட்டாதீர்கள். மாமரத்துக்கு இரவுக் குளிர் தேவை என்பது வேறு விஷயம்; கார்த்திகை, மார்கழி இரவுகள் போதிய அளவு குளிராவிட்டால் பூக்க வேண்டிய கிளையில் கொழுந்து தள்ளும். அதற்குக் காரணம் அந்த ஆண்டின் மேகமூட்டமாகவும் இருக்கலாம்.

நம் பங்கு முழுக்கச் சூடு மட்டும் இல்லை. நிலக்கரிப் புகையோடு போகும் கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, மேகங்களையும் வெளுக்கவைக்கின்றன. இதன் கணக்கு ஏறக்குறைய ஒரு வாட் குளிர்ச்சி. புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியா சுமார் 0.7 டிகிரிதான் சூடாகியிருக்கிறது. உலக சராசரியைவிடக் குறைவு. புகையின் நிழலுக்கு அதில் பங்கு உண்டு. துகள்கள் சில நாளில் படிந்துவிடும், கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். புகையைச் சுத்தப்படுத்த வேண்டியது கட்டாயம்தான், ஆனால் சுத்தமாக ஆக மறைந்திருந்த சூடு வெளியே வரும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 2021இல் ஐபிசிசி, அதாவது ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு, சொன்ன கணக்கு: 1850–1900 காலத்திலிருந்து 2010–2019 வரை மனிதரால் ஏறியது 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்ந்து கழித்தல் 0.1க்கும் கூட்டல் 0.1க்கும் நடுவே.

நம் ஊர்க் கணக்கு

பெரிய எண்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வீட்டு எண்கள் சட்டென்று பிடிபடாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. எடை எப்படிக் கூடியது என்று சந்தேகம் வரும். டீசலின் கரி காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. சுண்ணாம்புக் காளவாயில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே 44 கிலோ வெளியேறும், விறகுப் புகை தனி. சிமென்ட் ஆலையில் நடப்பதும் அதே வேதியியல்தான். சூரிய மின்சாரம் வைத்துச் சுட்டாலும் அந்த 44 கிலோவைத் தவிர்க்க முடியாது.

யூரியாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறுகிறது. 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. ஐபிசிசியின் பொது விதிப்படி போட்ட நைட்ரஜனில் ஒரு விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. வாயுவாக அதன் எடை சுமார் 325 கிராம். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு பலமானது. ஆக 89 கிலோவுக்குச் சமம். யூரியா மண்ணில் உடையும்போது நேரடியாக 33 கிலோ கரியமில வாயு. மொத்தம் 120 கிலோ சொச்சம், ஆலையில் தயாரிக்க ஆன எரிவாயுவைச் சேர்க்காமலே. இந்த ஒரு விழுக்காடு நிலத்துக்கு நிலம் மாறும். உரம் போட்ட கையோடு தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று போய்விடும், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றத் தொடங்கும், இழப்பு கூடும். காய்ந்த மண்ணின் மேல் தூவிவிட்டு மூடாமல் விட்டால் அம்மோனியாவாகப் பறக்கும். அது உரக் காசுக்கும் நஷ்டம். மொத்தமாக ஒரே தடவை கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, ஈரத்தில் போட்டு மண் அணைத்தால் இரண்டும் குறையும்.

ஆழ்துளைக் கிணற்றின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 50 அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் மேலே ஏற்ற, பம்பின் மொத்தத் திறன் 40 விழுக்காடு என்று வைத்தால், 0.1 யூனிட் போதும். அதே தண்ணீரை ஆயிரம் அடியிலிருந்து இழுக்க இரண்டு யூனிட். நம் மின்தொகுப்பில் நிலக்கரியே பெரும்பங்கு என்பதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. இருபது மடங்கு வித்தியாசம். 7.5 ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏழு யூனிட்டுக்கு அருகில் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 30 கிலோ வாயு. இலவச மின்சாரம் என்பதால் பில்லில் தெரியாது, புகை மட்டும் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எழும்.

கறவை மாட்டின் மீத்தேனை எடுத்துக்கொண்டு இப்போது பலர் மாட்டையே திட்டுகிறார்கள். ஒரு கறவை மாடு ஆண்டுக்கு 50 முதல் 70 கிலோ மீத்தேன் விடும். மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்கு பலமானது என்று பெருக்கினால் ஒன்றரை டன் சுற்றி வரும். ஆனால் மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு சுற்றித்தான் நிற்கும். மாட்டின் எண்ணிக்கை கூடாமல் நிலையாக இருந்தால் அதனால் வரும் மீத்தேனும் ஓர் அளவில் நின்றுவிடும். நிலக்கரி அப்படியில்லை, ஒவ்வோர் ஆண்டுப் புகையும் முந்தைய ஆண்டுப் புகையின் மேல் ஏறும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. நெல் வயல் வைத்திருப்பவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறையும், மோட்டார் ஓட்டமும் குறையும். ராகி, சாமை, கொள்ளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

காலநிலையின் தலையில் கட்டக்கூடாதவை

எதற்கெடுத்தாலும் ‘குளோபல் வார்மிங்’ என்று சொல்வதும் ஒரு நோய்தான். ஆழ்துளைக் கிணறு வற்றினால் முதல் காரணம் இறைக்கும் அளவு. ஏரிக்கால் மூடிப்போனது, வரத்து வாய்க்காலில் வீடு வந்தது, ஓசூரில் கான்கிரீட் பெருகி இரவுச் சூடு கூடியது: இவையும் மனிதர் செய்தவைதான், ஆனால் பசுமைக்குடில் வாயுவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இவற்றைச் சரிசெய்ய உலக மாநாடு தேவையில்லை, வட்டாட்சியர் அலுவலகம் போதும்.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நகர்ந்து வந்தபோது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. நம் இரு மாவட்டங்களின் ஆண்டு சராசரியே 85 சென்டிமீட்டர் சுற்றித்தான். சாலையோரம் நின்ற வண்டிகள் வெள்ளத்தோடு போயின. இது காலநிலை மாற்றமா? காற்று ஒரு டிகிரி சூடானால் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும். அந்த ஒரு கணக்கை மட்டும் வைத்தால் 50இல் நாலைந்து சென்டிமீட்டருக்கு நாம் பொறுப்பு. மீதி, புயல் புதுச்சேரி பக்கம் வெகுநேரம் நகராமல் நின்று, பிறகு வலுவிழந்து மெல்ல உள்ளே வந்ததன் விளைவு. வண்டிகள் அடித்துப் போனதற்கு ஏரியின் உபரி நீர் போக வழி இருந்ததா என்பது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் தனித்தனிப் பதில் உண்டு.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத் தளத்தில் கட்டத் தரவுகள், அதாவது நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் தரவுகள், இலவசமாகக் கிடைக்கின்றன. மழை 1901 முதல், 0.25 டிகிரிக் கட்டமாக, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு ஒன்று. வெப்பம் 1951 முதல், ஒரு டிகிரிக் கட்டமாக, 110 கிலோமீட்டர். மழைக்கு இது போதும். வெப்பத்துக்கு எச்சரிக்கை தேவை: வெவ்வேறு உயரத்து ஊர்கள் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரில், தருமபுரி 470 மீட்டரில். நூறு மீட்டருக்கு 0.65 டிகிரி வீதம் இரண்டுக்கும் உயரத்தாலேயே கிட்டத்தட்ட மூன்று டிகிரி வித்தியாசம். தளி பக்கத்துக் குளிரை அந்தத் தரவில் தேடாதீர்கள்.

கோப்பைத் திறந்ததும் விடுபட்ட நாட்களை நீக்குங்கள். மழையில் விடுபட்ட இடம் கழித்தல் 999 என்றும் வெப்பத்தில் 99.9 என்றும் இருக்கும். அதை அப்படியே கூட்டினால் சராசரி அலங்கோலமாகிவிடும். அடுத்து ஜூன்–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர் என்று பருவம் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்த மழையோடு மழை நாட்களையும் எண்ணுங்கள், 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் மழை நாள். மொத்தம் மாறாமல் நாள் மட்டும் குறைந்திருந்தால், அதே தண்ணீர் கொட்டித் தீர்க்கிறது என்று பொருள். மானாவாரி ராகிக்கு அது பற்றாக்குறைதான். வானிலைத் துறையின் நாள் காலை 8.30க்கு முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நள்ளிரவு மழையை எந்தத் தேதியில் எழுதுகிறோம் என்பதில்தான் சொந்தப் பதிவேடும் அரசுப் பதிவும் முட்டிக்கொள்ளும்.

சொந்தமாக அளப்பவர்கள் மழைமானியை மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். வெப்பமானிக்குத் தரையிலிருந்து நாலடிக்கு மேல், காற்று புகும் வெள்ளை மரப்பெட்டி, கதவு வடக்கே பார்த்து. மொட்டை மாடியிலும் தகரக் கூரை அடியிலும் வைத்தால் அது கூரையின் சூட்டைத்தான் சொல்லும். கைபேசிச் செயலி காட்டுவது பெரும்பாலும் உங்கள் ஊரில் அளந்ததே அல்ல, மாதிரிக் கணிப்பு.

கடைசியாகத் தொடக்க ஆண்டு. 2015இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. 2016இல் 62 விழுக்காடு குறைந்தது. 2015இல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளுக்கு மட்டும் கோடு போட்டால் மழை குறைகிறது என்று வரும், 2016இல் தொடங்கினால் கூடுகிறது என்று வரும். இரண்டையும் வாட்ஸப்பில் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டு எடுத்து, பத்தாண்டு சராசரிகளாக ஒப்பிட்டு, தொடக்கத்தை ஐந்து ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அப்படி நகர்த்தும்போது கோடு திசை மாறினால் அந்த ஊர் மழையைப் பற்றி அந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உலக வெப்பத்தை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். 1970க்குப் பின் எந்த ஆண்டில் தொடங்கி முப்பது ஆண்டு எடுத்தாலும் கோடு மேலேதான் போகும்.